மூணு மாச மழை, பன்னெண்டு மாசக் குழம்பு

இயற்கை விவசாயம் பண்ணுகிற வீட்டு அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கும். குதிரைவாலி சொந்தக் காட்டுது, உளுந்து சொந்தக் காட்டுது, மல்லி, மிளகாயும் சொந்தக் காட்டுது. காய்கறிப் பை மட்டும் அருப்புக்கோட்டைச் சந்தையிலிருந்து பஸ் ஏறி வருகிறது. எங்கேயோ மருந்தடித்து விளைந்து, ஒட்டன்சத்திரம் மாதிரிப் பெரிய மார்க்கெட்டில் ஏலம் போய், லாரியில் வந்து இறங்கிய கத்தரிக்காய். "மானாவாரியில காய்கறிக்கு எங்க போறது? கிணறு வேணுமே" என்பதுதான் கேட்டால் வருகிற பதில்.

அந்தப் பதில் பாதிதான் சரி. எனக்குப் பரளச்சிப் பக்கம் நாலு ஏக்கர் கரிசக்காடு. கிணறு கிடையாது. மழைக்காலத்தில் மூணு, நாலு மாசம் காய் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைக்கிறது. மற்ற மாசங்களில் ஒண்ணுமே இல்லை. ஆக, நம்ம ஊரில் காய்கறிப் பிரச்சினை என்பது விளைச்சல் பிரச்சினை கிடையாது. கிடைக்கிற காலத்தில் எடுத்துக் காயவைத்து வைக்கிறோமா என்பதுதான் கேள்வி. எங்க அத்தை காலத்தில் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பரணில் ஏழெட்டு வத்தல் பானை இருந்தது, பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இப்போது எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிபோல ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. கரிசல் மண் அந்த ஈரத்தைத் தை, மாசி வரை பிடித்து வைத்திருக்கும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் வத்தல் வைத்துக் குழம்போ பொரித்த தொடுகறியோ வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு நாளைக்கு 50 கிராம் என்று வைத்தால், காயில்லாத ஒன்பது மாசத்துக்கு, மாசத்துக்கு நாலு வாரம் என்று தோராயமாக வைத்து 36 வாரத்துக்கு, 3 கிலோ 600 கிராம் வத்தல் வேண்டும். அதலக்காயில் நூற்றுக்கு 84 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சைக்காய் நன்றாகக் காய்ந்தால் 175 கிராம் போலத் தேறும். அப்படியானால் எல்லாக் காயும் சேர்த்து 20 கிலோ பச்சைக்காய் காயப்போட்டால் ஒரு வீட்டுக்குப் போதும். மூணு மாசத்தில் 20 கிலோ என்பது மலைக்கிற அளவு இல்லை.

அதலை: தெரிந்து வாங்குவது

நம்ம பக்கத்துக்கென்று அமைந்த காய் இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, விருதுநகர், கோவில்பட்டிக் கரிசலில் மழை விழுந்ததும் மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்கிலிருந்து தானாகக் கொடி கிளம்பும். பாகல் குடும்பம்தான். ஆனால் காய் விரல் நுனி அளவு, வரிவரியாக இருக்கும். கசப்பு உண்டு, பாகற்காய்க் கசப்பு மாதிரி நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்காது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, 100 கிராம் அதலக்காயில் 72 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதாகச் சொல்கிறது. பாகற்காயில் இருப்பதைப்போல மூணு மடங்கு. வைட்டமின் சியும் அதிகம். ஆனால் வெயிலில் காயும்போது வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும், சுண்ணாம்புச் சத்து நிற்கும். ஆகையால் பச்சையாகக் கிடைக்கும்போது வதக்கியும் புளிக்குழம்பு வைத்தும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சியதை வத்தல் போடுங்கள். எல்லாவற்றையும் வத்தலுக்கே ஒதுக்க வேண்டாம்.

ரெண்டு எச்சரிக்கை. அதலை வேரை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகளில் கரு கலைவது தெரிந்திருக்கிறது. காயும் அப்படித்தான் என்று அதற்கு அர்த்தமில்லை. இருந்தாலும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு எங்க வீட்டில் கொடுப்பதில்லை. அடுத்தது, சர்க்கரைக்காரர்கள் அதலையை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கசப்பு என்றாலே மருந்து என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம், அதனால் சொல்கிறேன்.

இந்தக் காயின் குணம், பறித்தபிறகும் முத்திக்கொண்டே போவது. ரெண்டு, மூணு நாளில் வெடித்து விதையைத் துப்பிவிடும். லாரி ஏறி வெளியூர் போக முடியாத காய் இது. அதனால்தான் சந்தையில் இன்னும் பெரிய வியாபாரிகள் கைக்குப் போகாமல், கூறு வைத்து விற்கும் பெண்களிடமே இருக்கிறது. வாங்கும்போது முழுப்பச்சையாகப் பாருங்கள். வெளிறி மஞ்சள் தட்டினால் முத்தியது. ஒரு காயைக் கிள்ளினால் விதை வெள்ளையாக, நகத்துக்கு நசுங்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெந்து போகும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் பரப்பி ஈரத்துணி போட்டு மூடி, மறுநாள் காலைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

எந்தக் காட்டில் பொறுக்கியது என்று கேட்டு வாங்குங்கள். போன வருஷம் சந்தையில் ஒரு அம்மாவிடம், "மருந்தடிச்ச காட்டுக் காயா?" என்று கேட்டேன். "களைக்கொல்லி அடிச்ச காட்டுல அதலை எங்க தாயி கெடக்கு? அது கருகிப் போயிருமே" என்றார். அது உண்மைதான். ஆனால் பூச்சி மருந்து அடித்த பருத்திக்காட்டில் அதலை உயிரோடு, பச்சைப்பசேல் என்று இருக்கும், காயிலும் மருந்து இருக்கும். அதனால் "மருந்தடிச்சதா" என்று பொதுவாகக் கேட்பதை விட "என்ன வெள்ளாமைக் காடு" என்று கேட்பது நல்லது. குதிரைவாலி, மல்லி, சோளக்காடு என்றால் தைரியமாக வாங்கலாம், அங்கே மருந்தடிப்பு குறைவு. பருத்தி, மக்காச்சோளம் என்றால் யோசிக்க வேண்டும்.

காடு மாறினதால் போன காய்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் என் காட்டுக்குப் போகிற பாதை நெடுக அதலைக் கொடி. இப்போது என் வேலியோரம், இன்னும் ரெண்டு, மூணு காடுகள், அவ்வளவுதான். சுற்றிலும் மக்காச்சோளம் வந்துவிட்டது. அதற்கு விதைத்த மூணு நாளைக்குள் அட்ரசின் தெளிக்கிறார்கள். முளைத்து வருகிற அகன்ற இலைச் செடிகளைக் கொல்வதுதான் அதன் வேலை. வெள்ளரி, பாகல் குடும்பத்துச் செடிகள் அதைத் தாங்கவே தாங்காது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்துக்கு 2004-இல் அனுமதி மறுத்துவிட்டது, நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதற்காக. போதாக்குறைக்கு 2018-இல் படைப்புழு வந்தபிறகு மக்காச்சோளத்தில் பூச்சி மருந்தும் கூடிப்போனது. ஆழ உழும் டிராக்டர் கலப்பையில் கிழங்கு வெளியே புரண்டு வெயிலில் காய்வது தனிக்கதை.

இதில் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். முன்பு களையெடுக்க வந்த பெண்கள் கூலியோடு மடி நிறைய அதலையும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குப் போக மிச்சம் சந்தைக்கு. களைக்கொல்லி வந்ததும் களையெடுப்புக் கூலியும் போனது, மடிக்காயும் போனது. நிலம் இல்லாத வீடுகளுக்கு அது சின்ன இழப்பு இல்லை. நம்ம இயற்கை விவசாயிகளிலேயே சிலர், "என் காட்டுக்குள்ள யாரும் பொறுக்கக் கூடாது, இது ஆர்கானிக் அதலை, நானே வித்துக்கிறேன்" என்று ஆரம்பித்திருப்பதைக் கேள்விப்படுகிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. விதைக்காமல், உரம் போடாமல் வந்த காய்க்கு நாம் சொந்தம் கொண்டாடுவது எப்படி? என் காட்டில் களையெடுக்க வருகிறவர்கள் பறித்துக்கொள்ளலாம். எனக்கு வத்தலுக்கு வேண்டியதை அவர்களிடமே சந்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கொடியை இழுத்துப் பிடுங்காமல் காயை மட்டும் கிள்ள வேண்டும், கொடிக்கு நாலு காய் விட வேண்டும்.

காட்டில் ஊடே போடுவது

தானாக வருவது போக, நாம் போடுவதும் வேண்டும். இதற்குத் தனி நிலம் தேவையில்லை. நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் வேலை பார்த்து, 1969-இல் அந்த வேலையை உதறினார். மானாவாரிக்காரன் காசு போட்டு வெளியே வாங்கிச் செய்கிற எதுவும் கட்டுப்படியாகாது என்பதை அவர் இந்தக் கரிசலில்தான் கண்டுகொண்டார். காய்கறிக்கும் அதே கணக்குத்தான். பருத்தியோ உளுந்தோ விதைக்கும்போதே ஏர்சாலில் பத்து வரிசைக்கு ஒரு வரிசை சீனியவரை, தட்டாம்பயறு விட்டுவிடுங்கள். வேலியோரம் மொச்சை, பூசணி. வரப்பில் வெண்டை. வீட்டுக்கு நாலு வரிசை போதும். நாட்டு விதையாக இருக்கட்டும். ஒரே நேரத்தில் காய்த்துத் தீர்கிற ரகத்தை விட, கொஞ்சம் கொஞ்சமாக ரெண்டு மாசம் காய்க்கிற நாட்டு ரகம்தான் வீட்டுக்கும் வத்தலுக்கும் தோது. தினம் அரைக்கிலோ பறித்து அன்றன்றைக்குக் காயப்போட்டால் வேலை தெரியாது. ஒரே நாளில் பத்துக் கிலோ வந்து விழுந்தால் முற்றம் பத்தாது.

கீரையை வத்தல் போட முயல வேண்டாம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் கிடைக்கிற மாசத்தில் தின்று தீர்க்கிற சாமான்.

மழைக்காலத்தில் காயவைப்பது

கஷ்டம் இங்கேதான். வத்தல் என்றாலே எல்லோருக்கும் சித்திரை வெயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதலையும் மிதுக்கும் வருவது கார்த்திகை, மார்கழியில். மேகம் மூடிக்கிடக்கும், வெயில் வந்தாலும் பத்து மணிக்கு மேல்தான், சாயங்காலம் பனி இறங்கிவிடும். பல பேர் ரெண்டு தடவை போட்டுப் பார்த்துப் பூஞ்சணம் பிடித்ததும் விட்டுவிடுகிறார்கள். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

வானத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ரெண்டு நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் என்று தோன்றினால்தான் காயை அடுப்பில் போட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குக் குழம்பு வைத்துவிடுவது உத்தமம். அதலையைக் காம்பும் வாலும் கிள்ளி அலசிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்பு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, கொதிக்கும்போது காயைப் போட்டு ரெண்டு நிமிஷம். அதற்கு மேல் போனால் குழையும். இந்தச் சூட்டில் காய் முத்துவது நின்றுவிடும், வெடிக்காது, நிறமும் ஓரளவு நிற்கும். தோல் இளகுவதால் தண்ணீரும் சீக்கிரம் வெளியேறும். சும்மா உப்புப் பிசிறிக் காயப்போட்டால் மழைக்காலத்தில் நாலு நாள் ஆகும். இப்படிச் செய்தால் ரெண்டு, ரெண்டரை நாள்.

தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். தரையில் தார்ப்பாய் விரித்தால் மேலேதான் காயும், அடியில் வியர்க்கும். கட்டில் என்றால் அடியிலும் காற்று ஓடும். நம்ம ஊர்க் காற்றுக்கு இதுவே பாதி வெயில். மேலே கொசுவலைத் துணி ஒன்று, ஈ உட்காராமல் இருக்க. மத்தியானம் ஒருமுறை புரட்டிவிட்டு, நாலு மணிக்கெல்லாம் கட்டிலோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். பனி விழுந்த வத்தலை மறுநாள் காயவைப்பது, முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம்.

நடுவில் மழை பிடித்துவிட்டால்? விறகடுப்பு இருக்கிற வீட்டில் அடுப்புக்கு மேல் கம்பி கட்டி முறத்தில் வைத்து ராத்திரிக் கங்குச் சூட்டில் விடலாம். கொஞ்சம் புகை வாசம் ஏறும். எங்க வீட்டில் அது பிடிக்கும். கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால், அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்து அதன் எடைக்கு ஆறில் ஒரு பங்கு கல்லுப்புப் போட்டுப் பிசிறி, மண்சட்டியில் அழுத்தி மூடி வையுங்கள். நாலைந்து நாள் தாங்கும். வெயில் வந்ததும் உப்பை உதறிவிட்டுத் திரும்பப் பரப்பலாம். உப்புக் கூடுதலாக இருக்கும், குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு வெந்நீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் செய்து கொடுங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கையில் அள்ளிக் குலுக்கினால் கலகல என்று சத்தம் வர வேண்டும். வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். அதன் பிறகும் நம்பாமல், ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னொரு வெயில் வேண்டும்.

மிதுக்கு, அப்புறம் மற்றவை

மிதுக்கங்காய் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். சில ஊர்களில் சுக்கங்காய் என்பார்கள். எலுமிச்சையை விடச் சின்னதாக, பச்சைக் கோடு போட்டு, கம்மங்காட்டிலும் சோளக்காட்டிலும் தானாகப் படர்கிற காட்டு வெள்ளரி. இதை ரெண்டாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, பகலில் காயவைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட்டு, மோர் தீரும்வரை இப்படியே செய்ய வேண்டும். மோர் மிளகாய்க்கும் இதே முறைதான். எண்ணெயில் பொரித்தால் பழைய சோற்றுக்கு அதைப்போல ஒன்று கிடையாது.

இதன் நெருங்கிய சொந்தம் ராஜஸ்தானில் இருக்கிறது. அங்கே கச்ரி என்று பெயர். நம்மை விடப் பாதி மழைகூட இல்லாத தார்ப் பாலைவனத்துக் கிராமங்களில் அதை அறுத்துக் காயவைத்துப் பொடி பண்ணி, புளிப்புக்காகக் குழம்பில் போடுகிறார்கள். அவர்களுடைய இன்னொரு பேர்போன வத்தல் சாங்கரி. அது வேறொன்றும் இல்லை, நம்ம கோயில்களில் தலமரமாக நிற்கிற வன்னி மரத்தின் பிஞ்சுதான். பிஞ்சைப் பறித்து வேகவைத்து உலர்த்தி, கல்யாண விருந்திலேயே பரிமாறுகிறார்கள், பட்டணத்தில் நல்ல விலைக்கும் போகிறது. நமக்கு வன்னியைக் கோயிலில் சுற்றி வந்து கும்பிடத் தெரியும், அதன் தம்பி சீமைக்கருவேலைக் கரிமூட்டம் போடத் தெரியும். வன்னிப் பிஞ்சைத் தின்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

சீனியவரையையும் கத்தரியையும் தை, மாசியில் போடலாம், அப்போது வெயில் கவலை இல்லை. ரெண்டுக்கும் அதே உப்புத் தண்ணீர்ச் சூடுதான். சீனியவரையை முழுசாக மூணு நிமிஷம், கத்தரியை விரல் நீளம் அறுத்து ஒரு நிமிஷம். சொந்தக் காட்டில் பற்றாவிட்டால், தெரிந்த இயற்கை விவசாயியிடம் காய் மலிந்து கிடக்கிற வாரத்தில் மொத்தமாக வாங்குங்கள். அவருக்கும் அந்த வாரம் கை தூக்கிவிட ஆள் தேவைப்படும். மாங்காய் சித்திரையில். சுண்டைக்காயை நசுக்கி விதை கொஞ்சம் உதிரவிட்டு மோரில். இவையெல்லாம் பெரும்பாலும் தெரிந்ததே.

பானையில் போட்டபிறகு

மண்பானை, கண்ணாடி பாட்டில், பனையோலைக் கொட்டான் எதுவும் சரிதான், சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். அடியில் காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி, வத்தலோடு ஒரு துண்டு வசம்பு துணியில் முடிந்து. வாயை வேட்டித்துணியால் கட்டுங்கள். கார்த்திகையில் போட்ட வத்தலைத் தையில் ஒரு நாள், மாசியில் ஒரு நாள், சித்திரையில் ரெண்டு நாள் வெயில் காட்ட வேண்டும். இந்த மறுவெயிலைத்தான் இப்போது எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வண்டு விழுந்தது, புழு வந்தது என்பதெல்லாம் இதை விட்டதால் வருவது.

பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பானையில் போடாதீர்கள். சில பூஞ்சணங்களின் நஞ்சு பொரித்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். விற்பனைக்குப் போடுகிறவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும். மிளகாய்க்கும் அப்படித்தான். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு கமுதி, நரிக்குடிப் பக்கம் எல்லோரும் பெயரைப் பேசுகிறார்கள். களத்து மண்ணில் கொட்டிக் காயவைப்பது மட்டும் இன்னும் பல இடங்களில் மாறவில்லை.

கடைசியாகக் கிழங்கு விஷயம். அதலையை விதை போட்டு முளைக்கவைப்பது பெரும்பாடு, விதைத்தோல் அவ்வளவு கெட்டி. கிழங்கை எடுத்து நடுவதுதான் வழி. பங்குனியில் கொடி காய்ந்து மடிந்தபிறகு தோண்டி எடுத்து, வேலியோரம் கலப்பை போகாத இடமாகப் பார்த்து, அரைச்சாண் ஆழத்தில் புதைத்து, ஏற ஒரு கருவேலங்கொப்பைப் பக்கத்தில் நட்டுவிட்டால் அடுத்த மழைக்குக் கிளம்பிவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் அழுகும். ஒரே சிக்கல், கொடி காய்ந்து காற்றில் போய்விட்டால் கிழங்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மார்கழியில் கொடி பச்சையாக இருக்கும்போதே நல்லாக் காய்க்கிற கொடியாகப் பார்த்து, தூருக்குப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, சிவப்புத் துணி கட்டிவிட்டு வாருங்கள்.